பிரேக்கை எடுத்ததும் நின்றுபோன புழு

உயிரணுவின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளை அடக்கி வைப்பதற்கென்றே ஒரு நொதிக் குடும்பம் இருக்கிறது. ஜி புரத ஏற்பிக் கைனேஸ்கள் என்று பெயர். ஆய்வகங்களில் ஜிஆர்கே என்றாலே போதும். வெளியிலிருந்து வந்த செய்தியை ஏற்பி உள்ளே அனுப்பத் தொடங்கியதும், இந்த நொதி அதன் உட்பகுதியில் பாஸ்பேட்டை ஒட்டி, "சரி, போதும்" என்று நிறுத்திவிடும். அப்படியானால் இந்த நொதியே இல்லாத ஓர் உயிரினம் எப்படி நடந்துகொள்ளும்? வாசனைக்கும் கசப்புக்கும் அளவுக்கு மீறித் துள்ளும் என்றுதான் யாரும் கணிப்பார்கள். 2004இல் 'நியூரான்' ஆய்விதழில் வந்த கட்டுரையில் ஆன் ஹார்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைச் சோதித்துக் காட்டினார்கள். இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜிஆர்கே-2 இல்லாத உருளைப்புழுக்கள் துள்ளவில்லை. வாசனை, கசப்பு எதற்கும் அவற்றிடமிருந்து சரியான பதிலே வரவில்லை. பிரேக்கைக் கழற்றினால் வண்டி தறிகெட்டு ஓட வேண்டும். இங்கே வண்டி நின்றுவிட்டது.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸும் ஒருவர். ஏற்பிகள் இப்படி அடக்கப்படும் முறையை விலங்குச் செல்களில் படிப்படியாக வெளிக்கொண்டு வந்தவர். 2012இல் பிரையன் கோபில்காவுடன் சேர்ந்து வேதியியல் நோபல் பெற்றவர். இந்த நொதியை யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்களின் கைக்கே இப்படி ஒரு விடை வந்தது என்பதால்தான் இதை எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை.

ஏன் இந்தப் புழு?

சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் சுமார் 1 மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. அழுகும் தாவரப் பொருட்களில் பாக்டீரியாவைத் தின்று வாழ்வது. முட்டையிலிருந்து முதிர்ச்சிக்கு ஏறக்குறைய மூன்று நாள், ஆயுள் இரண்டு மூன்று வாரம். உடல் கண்ணாடி மாதிரி தெளிவானது. உயிரோடிருக்கும் புழுவின் நரம்பணு ஒன்றை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். இதை மரபியலுக்குக் கொண்டுவந்தவர் சிட்னி பிரென்னர். அவருடைய அடிப்படைக் கட்டுரை 1974இல் வெளிவந்தது. வளர்ந்த இருபால் புழுவின் உடலில் இனப்பெருக்கச் செல்கள் நீங்கலாக 959 செல்கள், அவற்றில் 302 நரம்பணுக்கள். எந்த நரம்பணு எதனோடு இணைகிறது என்ற வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. முழு மரபணுத் தொகுதி 1998இல் வாசிக்கப்பட்டது. பல செல் விலங்கு ஒன்றுக்கு அது நடந்தது அதுதான் முதல் முறை.

நம் விஷயத்துக்கு இதைவிட முக்கியமான இரண்டு காரணங்கள் உண்டு. மனிதரில் ஜிஆர்கே ஏழு வகை. ஒன்றை நீக்கினால் இன்னொன்று அந்த இடத்தை நிரப்பிவிடக்கூடும் என்பதால், எது என்ன செய்கிறது என்று பிரித்தறிவது பெரும்பாடு. எலியில் ஜிஆர்கே2 மரபணுவை முழுதாக நீக்கினால் இதயம் சரியாக உருவாகாமல் கருவிலேயே இறந்துவிடுகிறது. நடத்தையைச் சோதிக்க எலியே மிஞ்சாது. புழுவில் இருப்பது இரண்டே இரண்டு: ஜிஆர்கே-1, ஜிஆர்கே-2. இவற்றோடு கைகோத்து வேலை செய்யும் அரெஸ்டின் புரதம் பாலூட்டிகளில் நான்கு, புழுவில் ஒன்றுதான். ஜிஆர்கே-2 இல்லாத புழு பிறக்கிறது, வளர்கிறது, நகர்கிறது, முட்டையும் ஏதோ இடுகிறது. ஆகவே அதன் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க முடிகிறது. (ஜிஆர்கே-1 பற்றிய செய்திகள் குறைவு. சுவையான கதைகள் எல்லாம் இரண்டாமவருடையவை.)

இன்னொரு காரணம், இந்தப் புழு ஏற்பிகளில் கோடீஸ்வரன். கண் இல்லாத இந்த உயிர் தன் உலகத்தைப் பெரும்பாலும் வேதிப்பொருட்கள் வழியாகத்தான் அறிகிறது. அதற்காக வைத்திருக்கும் ஏற்பி மரபணுக்கள் 1000க்கும் மேல். மனிதரின் மோப்ப ஏற்பிகளோ ஏறக்குறைய 400. ஆனால் அத்தனை ஏற்பிகளையும் தாங்க நம் மூக்கில் இருப்பதுபோல் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் புழுவிடம் கிடையாது, சில டஜன்கள்தான். நம் மூக்கில் ஒரு நரம்பணுவுக்கு ஒரு வகை ஏற்பி என்பது பொதுவிதி. புழுவிலோ ஒரே நரம்பணு பல ஏற்பிகளைச் சுமக்கிறது.

இதன் விளைவு என்ன என்பதைக் கார்னீலியா பார்க்மனின் ஆய்வகம் அழகாகக் காட்டியது. டையசெட்டில் என்ற வெண்ணெய் வாசனைப் பொருள் புழுவுக்குப் பிடித்தமானது. அதை உணரும் ஏற்பி ஓடிஆர்-10 என்று 1996இல் தெரிந்தது. ஏடபிள்யூஏ என்ற இணை நரம்பணுக்களில் அது இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே ஏற்பியை, கெட்ட வாசனைகளை விலக்கும் ஏடபிள்யூபி நரம்பணுவில் வைத்தார்கள். புழு டையசெட்டிலைக் கண்டு விலகி ஓடியது. வாசனை மாறவில்லை, ஏற்பி மாறவில்லை. இருந்த செல் மாறியது, நடத்தை தலைகீழானது. ஜிஆர்கே-2 விஷயத்திலும் இதே பாடம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்போம். "இந்த நொதி என்ன செய்யும்?" என்ற கேள்விக்கு "எந்தச் செல்லில்?" என்று எதிர்க்கேள்வி கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

அடக்கும் முறை

ஜி புரத ஏற்பி செல்லின் சவ்வை ஏழு முறை குறுக்கே கடந்து நெளிந்திருக்கும் புரதம். ஹார்மோனோ வாசனை மூலக்கூறோ வெளிப்புறம் வந்து பொருந்தியதும் அதன் வடிவம் சற்று மாறுகிறது. உட்புறத்தில் ஒரு பள்ளம் திறக்கிறது. ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று துண்டுகளால் ஆன ஜி புரதம் அந்தப் பள்ளத்தில் வந்து பொருந்தித் தூண்டப்படுகிறது. பிறகு ஆல்ஃபா தனியாகவும், பீட்டாவும் காமாவும் சேர்ந்தும் பிரிந்து போய் அடுத்த கட்ட வேலைகளைத் தொடங்குகின்றன. அயனிக் கால்வாய்கள் திறக்கும், கால்சியம் ஏறும், நரம்பணு செய்தி அனுப்பும்.

இதை நிறுத்த இரண்டு இடங்களில் வழி உண்டு. ஒன்று, ஏற்பியின் மட்டத்தில். தூண்டப்பட்ட ஏற்பியின் அதே பள்ளத்தைத்தான் ஜிஆர்கேயும் தேடி வருகிறது. தன் முன்முனையில் உள்ள சிறு சுருளை அதற்குள் நுழைத்துக்கொண்டு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து (ATP) பாஸ்பேட்டை எடுத்து ஏற்பியின் உட்பகுதியில் ஒட்டுகிறது. சும்மா இருக்கும் ஏற்பியை இது பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இதுதான் இந்தக் குடும்பத்தின் தனிச்சிறப்பு. ஒரே நரம்பணுவில் பல ஏற்பிகள் இருக்கும் புழுவுக்கு இந்தத் தேர்வு எவ்வளவு அவசியம் என்று யோசித்துப் பாருங்கள். பாஸ்பேட் ஒட்டிய ஏற்பியை அரெஸ்டின் வந்து கவ்வும்; ஜி புரதத்துக்கு இனி இடமில்லை. பல சமயம் அந்த ஏற்பி அப்படியே செல்லுக்குள் இழுக்கப்பட்டுவிடும்.

மற்றொன்று, ஜி புரதத்தின் மட்டத்தில். தூண்டப்பட்ட ஆல்ஃபா துண்டில் ஜிடிபி (GTP) என்ற மூலக்கூறு ஒட்டியிருக்கும். அது வெட்டப்பட்டால் ஆல்ஃபா அடங்கிவிடும். இந்த வெட்டலை விரைவுபடுத்துபவை ஆர்ஜிஎஸ் புரதங்கள். இவற்றுக்கு எந்த ஏற்பி தூண்டியது என்ற கவலை இல்லை. கீழே ஓடும் சமிக்ஞையையே குறைத்துவிடும். பின்னால் வரும் புதிருக்கு விடை இந்த இரண்டாவது வழியில்தான் ஒளிந்திருக்கிறது.

இதெல்லாம் முதலில் தெரியவந்தது கண்ணில்தான். ஒளி பட்ட ரோடாப்சின் பாஸ்பேட் ஏற்கிறது என்று 1970களின் தொடக்கத்திலேயே கண்டார்கள். அதைச் செய்யும் நொதியோ அரெஸ்டினோ கெட்டுப்போன மனிதர்களுக்கு ஒகுச்சி நோய் என்ற பிறவி மாலைக்கண் வருகிறது: ஒளிக்குப் பிறகு இருட்டுக்குப் பழக அவர்களின் கண்ணுக்கு மிக நீண்ட நேரம் பிடிக்கும். 1980களில் லெஃப்கோவிட்ஸ் ஆய்வகத்தில் ஜெஃப்ரி பெனோவிக் உள்ளிட்டோர் அட்ரினலின் ஏற்பியை அடக்கும் கைனேஸைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் இன்று ஜிஆர்கே2. புழுவின் ஜிஆர்கே-2 அதன் நெருங்கிய உறவு.

மூக்கு அடைத்த புழு

சரி, 2004க்கு வருவோம். புழுவின் மூக்கைச் சோதிக்கும் முறைகள் எளிமையானவை. தட்டின் ஒரு பக்கம் பிடித்த வாசனையை வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எத்தனை புழுக்கள் அங்கே போய்ச் சேர்ந்தன என்று எண்ணலாம். பிடிக்காத ஆக்டனாலில் ஒரு மயிரிழையைத் தோய்த்து, முன்னோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும் புழுவின் மூக்குக்கு எதிரே நீட்டலாம். நல்ல புழு சில நொடிகளில் பின்வாங்கும். குவினைன் போன்ற கசப்புக்கும் இதே பின்வாங்கல்தான். இந்த விலகலுக்கு முதன்மையான நரம்பணு ஏஎஸ்எச்.

ஜிஆர்கே-2 செயலிழந்த புழுக்கள் பிடித்த வாசனையை நோக்கிச் சரியாகப் போகவில்லை, பிடிக்காததிலிருந்தும் சரியாக விலகவில்லை. பின்வாங்கும் தசைகளோ, அவற்றை இயக்கும் நரம்புகளோ கெட்டுவிட்டன என்று சமாளிக்கவும் வழியில்லை. நரம்பணுவுக்குள் கால்சியம் ஏறுவதை ஒளிரும் புரதம் மூலம் பார்த்தபோது, உணரும் கட்டத்திலேயே சமிக்ஞை குன்றியிருந்தது. கரு வளர்ச்சியில் ஏதோ கோளாறு என்ற சந்தேகமும் நிற்கவில்லை; வளர்ந்த புழுவின் உணர்வு நரம்பணுக்களில்தான் இந்த நொதி தேவைப்படுகிறது என்று தெரிந்தது.

அடுத்து அரெஸ்டின். ஜிஆர்கேயும் அரெஸ்டினும் ஒரே வரிசையில் வேலை செய்பவை என்றால், ஒன்று இல்லாவிட்டாலும் மற்றொன்று இல்லாவிட்டாலும் விளைவு ஒன்றுபோல் இருக்க வேண்டும். இல்லை. அரெஸ்டின் இல்லாத புழு நன்றாகவே முகர்ந்தது. புழுவில் அரெஸ்டின் ஒன்றுதான் என்பதால், வேறொன்று ஈடுகட்டியிருக்கும் என்ற சாக்கும் எடுபடாது.

விடையை நோக்கி இட்டுச் சென்றவை இரட்டை மாற்றங்கள். புழு மரபியலின் பழைய, நம்பகமான உத்தி இது: ஒரு குறையுள்ள புழுவில் இன்னொரு மரபணுவையும் மாற்றிப் பார்ப்பது. முதல் குறை மறைந்தால் இரண்டும் ஏதோ ஒரு விதத்தில் ஒரே பாதையைச் சேர்ந்தவை. ஜிஆர்கே-2 இல்லாத புழுவில் ஓடிஆர்-3 என்ற ஆல்ஃபா துண்டை அதிகமாக உற்பத்தி செய்ய வைத்தார்கள்; முகரும் திறன் திரும்பியது. ஈட்-16 என்ற ஆர்ஜிஎஸ் புரதத்தை நீக்கினார்கள்; அப்போதும் திரும்பியது. அதாவது ஏற்பிகளும், அவற்றுக்குக் கீழே உள்ள கருவிகளும் உள்ளபடியே இருந்தன. நடுவே ஜி புரதச் சமிக்ஞை மட்டும் அளவுக்கு மீறி நசுக்கப்பட்டிருந்தது. நசுக்கும் கையை எடுத்தாலோ, ஜி புரதத்தைக் கூட்டினாலோ பாதை திறந்துகொண்டது.

இதிலிருந்து பிறக்கும் விளக்கம் இதுதான். ஏற்பிகளை வேளைக்கு அடக்கும் நொதி இல்லாதபோது அவை ஓய்வின்றிச் சமிக்ஞை அனுப்பும். செல் அதைத் தாங்காமல் கீழ்மட்டத்தில் ஆர்ஜிஎஸ் வழியாக அடைத்துவிடும். அடைத்தது அளவுக்கு மீறிப்போய், உண்மையான வாசனை வரும்போதும் செல் அசையாது. வேறு விளக்கங்களுக்கும் இடமுண்டு. ஆனால் எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது. காரணம், நரம்பணு என்பது சத்தத்தின் அளவை அல்ல, மாற்றத்தைக் கவனிக்கும் உறுப்பு. பின்னணியில் இடைவிடாத இரைச்சல் இருந்தால் அது காதைப் பொத்திக்கொள்ளும். அணைக்கும் நொதி இருப்பதால்தான் அடுத்த முறை எரிய முடிகிறது.

எலியில் நடந்ததோடு ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். 1997இல் ஜிஆர்கே3 நீக்கப்பட்ட எலிகளின் மோப்பத் திசுவில், வாசனைக்குப் பிறகு சமிக்ஞை தணிவது இல்லாமல் போனதைக் கண்டார்கள். பாடப்புத்தகம் எதிர்பார்த்தது அதுதான். ஆனால் அது சோதனைக் குழாயில் நொடிக்குள் அளந்த வேதியியல். உயிரோடு உலவும் விலங்கு அந்தத் தணியாத சமிக்ஞையோடு நாட்கணக்கில் வாழ வேண்டுமே, அப்போது என்ன ஆகும் என்ற கேள்வியைப் புழு நேராகக் கேட்டுவிட்டது.

நொதியின் எந்தப் பகுதி இதற்குத் தேவை? ஜிஆர்கே-2இல் கைனேஸ் பகுதியைத் தவிர, ஜி புரதத்தின் ஆல்ஃபா துண்டைப் பிடிக்கவல்ல பகுதி ஒன்றும், சவ்வின் கொழுப்பையும் பீட்டா-காமா துண்டுகளையும் பிடிக்கும் பகுதி ஒன்றும் இருக்கின்றன. பாஸ்பேட் ஒட்டாமலே, ஆல்ஃபாவைப் பிடித்து வைத்துக்கொண்டு சமிக்ஞையைக் குறைக்கவும் இந்த நொதியால் முடியும் என்று பாலூட்டிச் செல்களில் காட்டியிருக்கிறார்கள். எனவே இந்தக் கேள்வி வெட்டி வேலை அல்ல. டெனிஸ் ஃபெர்கியும் பெனோவிக்கும் சேர்ந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு பகுதியாகக் கெடுத்த நொதிகளைப் புழுவுக்குள் வைத்துப் பார்த்தார்கள். ஆல்ஃபாவைப் பிடிக்க முடியாத நொதியும் புழுவின் மூக்கைச் சரிசெய்தது. ஏற்பியைத் தொடும் முன்முனைச் சுருள் கெட்ட நொதியால் அது முடியவில்லை. பாதை சுற்றிவளைத்ததாக இருந்தாலும், தொடங்கும் இடம் ஏற்பிதான்.

பழகிப்போதல் வேறு கதை

அரெஸ்டின் இல்லாத புழு நன்றாக முகர்கிறது என்றால் அரெஸ்டினுக்கு வேலையே இல்லையா? இருக்கிறது, கேள்வியை மாற்றிக் கேட்டால். ஒரு வாசனையில் நெடுநேரம் ஊறிய புழு அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். கொஞ்ச நேரம் விலக்கி வைத்தால் ஆர்வம் திரும்பும். ஏடபிள்யூசி நரம்பணு பென்சால்டிஹைடுக்குப் பழகிப்போன பின்னும் ஐசோஅமைல் ஆல்கஹாலுக்குப் பதில் தரும். ஒரே செல், இரண்டு வாசனை, ஒன்றில் மட்டும் சலிப்பு. பெனோவிக் ஆய்வகம் 2005இல் காட்டியது: அரெஸ்டின் இல்லாத புழுக்களுக்கு இந்தப் பழகலும் சரியாக வருவதில்லை, பழகியதிலிருந்து மீள்வதிலும் அரெஸ்டினுக்குப் பங்குண்டு.

நீண்ட நேரப் பழகலில் இன்னொரு கைனேஸும் நுழைகிறது, ஈஜிஎல்-4. இது ஏற்பியை நேரடியாகத் தொடும் குடும்பம் இல்லை; சிஜிஎம்பி என்ற மூலக்கூறுக்குக் கட்டுப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசனை நீடித்தால் இது ஏடபிள்யூசியின் உட்கருவுக்குள் போய்விடுகிறது. போனபின் அந்த வாசனை மீதான அலட்சியம் மணிக்கணக்கில் நிற்கும். நொடிகளுக்கு ஜிஆர்கே, மணிகளுக்கு ஈஜிஎல்-4 என்று பிரித்துச் சொல்ல ஆசையாக இருக்கிறது. செல்லுக்குள் பிரிவினை அத்தனை சுத்தமாக இருக்காது என்பதால் விட்டுவிடுகிறேன்.

முட்டை தங்கும் புழு

இருபால் புழு ஒன்று தன் விந்தைக் கொண்டு வாழ்நாளில் சுமார் 300 முட்டைகள் இடும். முட்டைகளைக் கருப்பையில் கொஞ்சம் சேர்த்து வைத்து, அவ்வப்போது தொகுதியாக வெளியேற்றும். இந்த வெளியேற்றலைத் தூண்டுபவை எச்எஸ்என் என்ற இரண்டு நரம்பணுக்கள். அவை சுரக்கும் முக்கியப் பொருள் செரட்டோனின். முட்டையிடல் கெட்டுப்போனால் புழுவின் வயிறு முட்டைகளால் புடைத்திருக்கும். முற்றிய நிலையில் குஞ்சுகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து தாயைத் தின்று வெளியே வரும். பார்க்கக் கொடூரம்தான், ஆனால் மரபியலாளருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. தட்டைப் பார்த்த மாத்திரத்திலேயே குறையுள்ள புழுவை எடுத்துவிடலாம்.

ஜிஆர்கே-2 இல்லாத புழுவிலும் முட்டைகள் தேங்கின. 2017இல் பெனோவிக் ஆய்வகம் இதைக் கிளறியபோது, செரட்டோனின் ஏற்பி ஒன்று அடங்காமல் இருப்பதுதான் காரணம் என்று வரும் என்று நான் உட்பட யாரும் ஊகித்திருப்போம். வந்தது வேறு. இந்தப் புழுக்களின் உடலில் செரட்டோனினே குறைவாக இருந்தது. அது சிதைந்து உண்டாகும் 5-எச்ஐஏஏ என்ற பொருள் அதிகமாக இருந்தது. ஏஎம்எக்ஸ்-2 என்ற மோனோஅமின் ஆக்சிடேஸ் நொதிதான் புழுவில் செரட்டோனினைச் சிதைக்கும் முக்கிய ஆள். ஜிஆர்கே-2 இல்லாதபோது அதன் அளவு ஏறிக் கிடந்தது. வெளியிலிருந்து செரட்டோனின் கொடுத்தாலோ, சிதைவைத் தடுத்தாலோ முட்டையிடல் சீரடைந்தது. ஜிஆர்கே-2 இந்த ஏஎம்எக்ஸ்-2வோடு இணைவதையும், அதில் பாஸ்பேட் ஏறத் தூண்டுவதையும் கண்டார்கள். பாஸ்பேட் ஒட்டும் திறன் இழந்த ஜிஆர்கே-2வைத் திரும்ப வைத்தால் பயனில்லை. கழிவுப்பொருள் என்று நினைத்த 5-எச்ஐஏஏவும் சும்மா இருக்கவில்லை: எஸ்இஆர்-1 என்ற செரட்டோனின் ஏற்பியையும் ஜிஓஏ-1 என்ற ஜி புரதத்தையும் சார்ந்து முட்டையிடலைத் தடுக்கிறது.

இந்தக் கண்டுபிடிப்பின் எடை எங்கே இருக்கிறதென்றால், ஏஎம்எக்ஸ்-2 ஏற்பியே அல்ல. பெயரில் ஏற்பிக் கைனேஸ் என்று இருப்பதால் இந்த நொதி ஏற்பியை மட்டுமே தொடும் என்று நம்பிவிடுகிறோம். மூக்கில் அது ஏற்பியிலிருந்து தொடங்கும் வேலையைச் செய்கிறது. முட்டையிடலில் நரம்புச் செய்திப் பொருளின் கையிருப்பையே கட்டுப்படுத்துகிறது. ஏற்பியை அடக்கும் நொதி, ஏற்பிக்கு வரவேண்டிய செய்தியின் அளவையும் தீர்மானிக்கிறது.

நடையைத் தளர்த்தும் டோபமின்

மூன்றாவது இடம் புழுவின் ஊர்தல். இங்கே ஜிஆர்கே-2வை யாரும் தேடிப் போகவில்லை, அதுவாக வந்து மாட்டியது. மைக்கேல் ஐலியனின் ஆய்வகம் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜிக்யூ என்ற ஜி புரதம் எப்போதும் தூண்டப்பட்ட நிலையில் இருக்கும் புழுக்களை வைத்திருந்தது. அவை மிகையாக வளைந்து நெளிந்து பரபரக்கும். அந்தப் பரபரப்பைத் தணிக்கும் மரபணு மாற்றங்களைத் தேடியபோது கிடைத்தவற்றுள் ஒன்று ஜிஆர்கே-2. இந்த நொதி மட்டும் இல்லாத புழு மெதுவாக ஊர்கிறது.

ஏன் மெதுவாக? பாக்டீரியா நிறைந்த இடத்துக்குள் நுழைந்ததும் புழு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; சாப்பாடு இருக்கும் இடத்தைக் கடந்து ஓடுவானேன். இந்தத் தளர்வுக்குக் காரணம் டோபமின். இருபால் புழுவில் அதைச் சுரப்பவை எட்டே நரம்பணுக்கள். டோபமின் வந்து சேரும் ஏற்பிகளில் ஒன்றான டிஓபி-3, ஜிஓஏ-1 வழியாகச் செயலைக் குறைக்கும் வகை. மனிதரின் டி2 டோபமின் ஏற்பியின் உறவு. ஜிஆர்கே-2 இல்லாத புழுவில் டிஓபி-3ஐயும் நீக்கிவிட்டால் ஊர்தல் மேம்படுகிறது. ஆக, ஜிஆர்கே-2 வழக்கமாகச் செய்வது டிஓபி-3ஐ அடக்கி வைப்பது. நொதி இல்லாவிட்டால் டிஓபி-3 அளவுக்கு மீறி வேலை செய்து, என்சிஏ என்ற அயனிக் கால்வாய்களை முடக்கிவிடுகிறது. சோடியத்தைக் கசியவிட்டு நரம்பணுவை விழிப்பாக வைத்திருக்கும் கால்வாய்கள் அவை. அவை முடங்கினால், இயக்க நரம்புகளுக்கு ஆணையிடும் இடைநரம்பணுக்கள் சோர்ந்துவிடும். அந்த இடைநரம்பணுக்களில் மட்டும் ஜிஆர்கே-2வைத் திரும்ப வைத்தபோது நடை சீரானது.

இங்கே பாடப்புத்தகம் அப்படியே பலிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பிரேக் போனது, ஏற்பி அடங்காமல் ஓடியது. ஆனால் அந்த ஏற்பியே நடையைக் குறைக்கும் ஏற்பி என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மந்தமான புழுதான் தெரியும். மூக்கிலும் மந்தம், நடையிலும் மந்தம். உள்ளே நடப்பதோ முற்றிலும் வேறு. மூக்கில் செல்லே அடைத்துக்கொண்டது. நடையில் தடுக்கும் சமிக்ஞை கட்டுக்கடங்காமல் போனது. முட்டையிடலில் செய்திப் பொருளே குறைந்துபோனது. ஒரு நொதியை நீக்கி, ஒரு நடத்தையைப் பார்த்து, அதன் வேலை இன்னதென்று ஒரே வரியில் எழுதிவிடும் பழக்கத்துக்கு இந்த மூன்றும் சேர்ந்து நல்ல மருந்து.

இதயம் வரை

அரெஸ்டினைப் பற்றி விட்டுப்போன ஒன்று: அது இல்லாத புழுக்கள் வழக்கத்தைவிட நீண்ட நாள் வாழ்கின்றன, அதை அதிகமாக உற்பத்தி செய்யும் புழுக்கள் சீக்கிரம் இறக்கின்றன என்று 2010இல் பெனோவிக்கின் ஆய்வகமே காட்டியது. ஏற்பிகளை அடக்கும் இந்தக் கூட்டம் நரம்பு வேலையோடு நிற்பதில்லை என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

மனிதரில் இந்த ஆராய்ச்சிக்குப் பணமும் அவசரமும் வருவது இதயத்தின் பக்கமிருந்து. செயலிழந்துவரும் மனித இதயத்தில் ஜிஆர்கே2 கூடுதலாக இருப்பது 1990களின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. அட்ரினலின் ஏற்பிகள் மிகையாக அடக்கப்படுவதால் இதயத் தசை உடலின் அழைப்புக்குச் சரியாகப் பதில் தராது. எனவே ஜிஆர்கே2வைத் தடுக்கும் மருந்து தேடப்படுகிறது. 2012இல் எதிர்பாராத ஒன்று அகப்பட்டது: மனச்சோர்வுக்குப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவரும் பராக்செட்டின், ஜிஆர்கே2வோடு நேரடியாக இணைந்து அதைத் தடுக்கிறது. அந்த மருந்தின் அறியப்பட்ட வேலை, நரம்பணுக்கள் செரட்டோனினை மீண்டும் உறிஞ்சிக்கொள்வதைத் தடுப்பது. 2015இல் மாரடைப்புக்குப் பிந்தைய எலிகளில் பராக்செட்டின் இதய வேலையை மேம்படுத்தியது. அதே மனச்சோர்வு மருந்து வகையைச் சேர்ந்த, ஆனால் ஜிஆர்கே2வை அப்படித் தடுக்காத ஃபுளூவாக்செட்டினால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பராக்செட்டினின் அமைப்பை முன்மாதிரியாக வைத்து, ஜிஆர்கே2வை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் சேர்மங்கள் இப்போது செய்யப்படுகின்றன.

அவை பாலூட்டிச் செல்களிலும் எலிகளிலும் சோதிக்கப்படும்போது அளக்கப்படுவது பெரும்பாலும் அட்ரினலின் ஏற்பியின் பதில்தான். அதோடு மோனோஅமின் ஆக்சிடேஸின் அளவையும், டி2 டோபமின் ஏற்பியின் போக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. புழுவில் அதே நொதி முட்டையிடலையும் நடையையும் தொட்டது இந்த இரண்டின் வழியாகத்தான்.